பழைய பொருளும் ஒழுங்கான இல்லமும்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற தாய்மார் சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, வீட்டிலுள்ள பழைய பொருள்களைக் கொண்டு செலவில்லாமல் வீட்டைச் சீராக வைப்பது எப்படி என்பதாகும். ஞான காரியங்களைப் பேசவேண்டிய பொன்விழாவில் டப்பாவையும் புட்டியையும் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் கேட்டாராம். கேட்டது நியாயமே. ஆனால் நம் ஆண்டவர் சொன்ன உவமைகளை எண்ணிப் பாருங்கள். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் என்ன செய்தாள்? விளக்கைக் கொளுத்தினாள், வீட்டைப் பெருக்கினாள், கிடைக்கும்வரை தேடினாள். வீடு பெருக்குவது சுவிசேஷத்தில் இடம்பெற்ற வேலை. அப்பங்கள் பலுகிய புதுமையில், ஐயாயிரம் பேர் உண்டு எழுந்தபின் மீந்த துண்டுகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் சீடர்களுக்குக் கட்டளையிட்டார். 12 கூடைகள் நிரம்பின. ஐந்து அப்பத்தை இத்தனை பேருக்குப் பெருக்கத் தெரிந்தவருக்கு மீந்த துண்டு எதற்கு? இருந்தும் வீணாகக் கூடாது என்றார். அந்தப் பன்னிரண்டு கூடைகள் அந்த வெளியிலே எங்கிருந்து வந்தன என்று அருளப்பர் எழுதவில்லை. எனக்கு மட்டும் தோன்றுவது, அந்தக் கூட்டத்தில் வெறுங்கூடையைப் பத்திரமாக மடியில் வைத்திருந்த சில தாய்மார்கள் இருந்திருக்க வேண்டும் என்பதே. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் போட்டு வைக்க ஒரு கூடை வேண்டுமல்லவா?

நம் திருச்சபையே பழையதை வீசி எறிவதில்லை. குருத்து ஞாயிறன்று நாம் பிடித்துச் சென்ற ஓலை ஓராண்டு காலம் பாடுபட்ட சுரூபத்தின் பின்னால் செருகியிருக்கிறது. மறு ஆண்டு அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று நம் நெற்றியில் பூசுகிறார்கள். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலிலும், பொருளை உடனே எறிந்துவிடாமல் மறுபடி பயன்படுத்துவது அன்பின் செயலாகக்கூடும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்தப் பேச்சில் நான் முதலில் சொல்ல விரும்புவது அழகு பற்றியதன்று, வெள்ளம் பற்றியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. தூத்துக்குடித் தெருக்களில் நாட்கணக்காகத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தபின் நம்மில் பலர் கொடியிலே காயப்போட்டது துணிமணியை மட்டுமா? வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட், கலியாணப் போட்டோ! ஆதாரும் ரேஷன் கார்டும் மறுபடி வாங்கிவிடலாம். ஞானஸ்நானச் சான்றிதழும் பங்குப் பதிவேட்டில் இருந்து கிடைத்துவிடும். ஆனால் முத்திரைத்தாளில் எழுதிய மூலப் பத்திரம் ஊறிக் கூழாகிவிட்டால், நகல் வாங்கப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எத்தனை நடை! மறைந்த தாய் தகப்பனின் படத்துக்கு நகலே கிடையாது.

இவையெல்லாம் எங்கே இருந்தன? பெரும்பாலும் பீரோவின் அடித்தட்டில், அல்லது கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில். கனமான பெட்டி கீழேதான் இருக்கும் என்பது நம் வழக்கம். தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் இராது.

ஆகையால் ஒவ்வொரு வீட்டிலும் இந்த வாரமே இதைச் செய்யுங்கள். ஐந்து கிலோ ஊறுகாய், அல்லது மாவு வந்த அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் ஜாடி, திருகு மூடி உள்ளது, எந்தப் பலசரக்குக் கடையிலும் ஓட்டலிலும் கேட்டால் கொடுப்பார்கள். சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. காகிதங்களை மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, முதலில் ஒரு நல்ல பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, உறையின் வாயை மடித்துக் கட்டி, பிறகு ஜாடிக்குள் வையுங்கள். மூடியைத் திருகிய பின் பழைய சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு அங்குல அகலத்தில் வளையமாக வெட்டி மூடியும் ஜாடியும் சேரும் இடத்தில் இறுக்கி மாட்டுங்கள். பக்கெட் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கிவைத்துச் சோதித்துப் பாருங்கள். முதலில் உள்ளே வெறும் செய்தித்தாளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும், பத்திரத்தை வைத்தன்று! தாள் நனையாமல் இருந்தால் ஜாடி நல்லது. அதைப் பரணில் வையுங்கள். ஜாடி இருக்குமிடம் வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் வீட்டைவிட்டு ஓடவேண்டி வந்தால் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் ஜாடி. மற்றதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது அடுப்பங்கரை. மாதத் தவணையில் பிளாஸ்டிக் அலமாரி வாங்கி, தவணை முடியுமுன்பே அதன் கால் ஒடிந்துபோன வீடுகள் நம் தெருவில் உண்டு. வாரக் குழுக் கடனில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. கடன்காரர் வாசலில் நிற்கிறபோது, அலமாரி எத்தனை வரிசையாய் இருந்து என்ன பயன்?

ஹார்லிக்ஸ் புட்டி நம் தாய்மார் காலத்தில் குடும்பச் சொத்து. பருப்புக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று என்று வரிசையாக நிற்கும். கண்ணாடிப் புட்டியின் சிறப்பு, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதுதான். தெரிகிற பொருளை மறுபடி வாங்கமாட்டோம். புட்டி வைக்க இடமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி. சுவரில் பதித்த மரப்பலகையின் அடிப்பக்கத்தில் புட்டியின் மூடியை மட்டும் திருகாணி கொண்டு பொருத்திவிடுங்கள். பிறகு புட்டியைக் கீழிருந்து அந்த மூடியில் திருகினால் தொங்கிக்கொண்டு நிற்கும். ஒரு திருகாணி போதாது, மூடியும் கூடவே சுற்றும், இரண்டு வேண்டும். சிறிய புட்டிக்கே இது ஏற்றது. கடுகு, வெந்தயம், ஏலம் போன்றவை. ஒரு கிலோ பருப்பைத் தலைக்கு மேல் தொங்கவிடாதீர்கள்.

பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை எடைக்குப் போட்டுவிடுகிறோம். அதன் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, வெட்டிய ஓரத்தை அரை அங்குலம் உட்புறமாக மடித்துச் சுத்தியலால் தட்டிவிட்டால் கையைக் கிழிக்காது. இந்த மடிப்பை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது. எண்ணெய்ச் சிக்குப் போக, கொதிநீரில் விறகுச் சாம்பலைக் கரைத்து ஊற்றி ஓர் இரவு வைத்துத் தேய்த்தால் போதும். இப்படி நான்கு டின்களைப் பக்கத்துக்கு இரண்டாக அடுக்கிக் கம்பியால் கட்டினால் செருப்புக்கோ, பிள்ளைகளின் புத்தகத்துக்கோ நல்ல அறைகள் ஆயின. ஆணியால் துளைகள் போட்டால் வெங்காயம் அழுகாது. ஆனால் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே டின்னில் போடாதீர்கள், இரண்டும் கெடும்.

அட்டைப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கிறது என்று அடுப்பங்கரையில் வைக்கிறோம். நம் கடற்கரை ஈரத்தில் அட்டை நமத்துப்போகும். அதன் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டையிடும். தரையில் வைத்தால் கரையான் வழி கண்டுபிடித்துவிடும். அட்டைப்பெட்டி உலர்ந்த அறையில், பலகையின் மேல், துணிமணிக்கு மட்டும். அதைவிடப் பனையோலைப் பெட்டி நூறு மடங்கு மேல். மணப்பாடு போன்ற ஊர்களில் நம் பெண்கள் இன்றும் முடைகிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். ஆனாலும் அந்தக் காசு நம் சகோதரிகளின் வீட்டுக்குப் போகிறது. என் கணக்கில் அதுவும் சிக்கனமே.

பழைய துணி என்றால் நான் நாள் முழுதும் பேசுவேன். பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே மிதியடி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நூல் சேலையாக இருக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் சேலை தண்ணீரை உறிஞ்சாது. சிமெண்டுத் தரையில் வழுக்கி வயதானவர்களை விழுத்தாட்டும். சேலையை நீளவாட்டில் இரண்டு அங்குல அகலப் பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டுக் கொடுத்தால் பிறகு கையாலேயே நேராகக் கிழியும். மூன்று பட்டைகளைச் சேர்த்துப் பெண்பிள்ளையின் சடையைப் போலப் பின்ன வேண்டும். பட்டை முடிந்தால் முடிச்சுப் போடாதீர்கள், காலில் உறுத்தும். இரு பட்டைகளின் நுனியிலும் சிறு துளை வெட்டி, ஒன்றை மற்றதற்குள் நுழைத்து இழுத்தால் முடிச்சில்லாமல் சேர்ந்துவிடும். பின்னிய சடையைத் தரையில் வைத்து நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே கோணி ஊசியால் ஓரத்தோடு ஓரம் தைக்கவேண்டும். மடியில் வைத்துத் தைத்தால் மிதியடி கிண்ணம்போலக் குழிந்துவிடும். குழிகிறது என்று தெரிந்தவுடனே இரண்டு சுற்றுப் பிரித்து, வெளிச்சுற்றைத் தளர்த்தி வைத்துத் தைத்தால் சரியாகும். மூன்று சேலையில் வாசலுக்கு ஒன்று, அங்கணத்துக்கு ஒன்று தாராளமாக ஆகும்.

பழைய கால்சட்டைகளின் பைகளை வெட்டி, பழைய போர்வைத் துண்டின்மேல் வரிசையாகத் தைத்து, மேல் ஓரத்தில் பழைய குடைக்கம்பியைச் செருகிக் கதவின் பின்னால் தொங்கவிடுங்கள். சீப்பு, கத்தரிக்கோல், கரண்ட் பில், சாவி எல்லாவற்றுக்கும் ஆளுக்கோர் அறை. சாவி தொலைந்தால் கோடி அற்புதர் அந்தோனியாரை எத்தனை தொந்தரவு செய்கிறோம்! அவருக்கும் சற்று ஓய்வு கொடுப்போமே. மாத்திரைகளை மட்டும் இந்தப் பையில் வைக்காதீர்கள். குழந்தையின் கைக்கு எட்டும்.

திருவிழாக் காலத்தில் சேர்கிற மெழுகுதிரித் துண்டுகளையும் எறியவேண்டாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் சிறு டின்னை வைத்து அதில்தான் மெழுகை உருக்கவேண்டும். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பற்றும். பருத்தி நூல் திரி வைத்துச் சிறு டின்களில் ஊற்றினால் மின்சாரம் போன இரவுக்கு உதவும். சிரட்டையில் ஊற்றினால் பார்வைக்கு அழகு. ஆனால் திரி அடிவரை எரிந்தால் சிரட்டையும் சேர்ந்து எரியும். மீந்த துண்டை இழுப்பறையின் ஓரத்தில் தேய்த்துவிடுங்கள், சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேட்கவேண்டும். எதை மறுபடி பயன்படுத்தலாம் என்பதைவிட, எதைப் பயன்படுத்தக் கூடாது என்பது முக்கியம். பூச்சிமருந்து வந்த டப்பா, பெயிண்ட் டின், ஆசிட் புட்டி, இவற்றை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கோ தானியத்துக்கோ ஆகாது. ஓட்டை போட்டு, நசுக்கி ஒதுக்கிவிடுங்கள். அதேபோல் குளிர்பானப் புட்டியில் பினாயிலையும், தின்னரையும், படகுக்கு வாங்கிய டீசலையும் ஊற்றிவைக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளைக்கு நிறம் மட்டும்தான் தெரியும். எழுத்து வாசிக்கத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளைக்குப் புட்டியில் ஒட்டிய சீட்டு எதற்கு உதவும்? இப்படிப்பட்டதை அது வந்த புட்டியிலேயே வையுங்கள், உயரத்தில் வையுங்கள். தப்பித்தவறி ஒரு பிள்ளை குடித்துவிட்டால், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் போனவழியே திரும்பி வந்து தொண்டையை மறுபடி எரிக்கும். டீசலும் தின்னரும் வாந்தியின்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டருக்கு எது குடித்தது என்று தெரியவேண்டும்.

செய்தித்தாளை அலமாரித் தட்டில் விரிக்கலாம், கண்ணாடி துடைக்கலாம். சூடான வடையை அதில் வைக்கக் கூடாது. அச்சு மை எண்ணெயில் ஊறி உணவில் சேரும் என்று 2016இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்தது. வாழை இலை நமக்குக் கிடைக்காததா?

கொல்லைப்புறத்தில் எதற்காவது உதவும் என்று போட்டுவைத்த சிரட்டை, டயர், உடைந்த குடம் இவற்றில் மழைநீர் நின்றால் டெங்குக் கொசுவுக்கு அதுவே மாளிகை. அந்தக் கொசு நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றிய பிறகும் முட்டை பல மாதங்கள் சாகாமல் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். ஆகையால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் வீடு குப்பைக் கிடங்காகிவிடாதா? ஆகும். சிக்கனம் வேறு, சேர்த்துக் குவிக்கும் ஆசை வேறு. நான் சொல்கிற கணக்கு இது. ஒரு விபூதிப் புதனிலிருந்து அடுத்த விபூதிப் புதன் வரை ஒரு பொருளை எடுத்துத் தொடவில்லையானால், அது நம்முடையதன்று. பெட்டியில் சும்மா கிடக்கும் அங்கி ஆடையில்லாதவனுக்குச் சொந்தம் என்ற கருத்தை நாலாம் நூற்றாண்டிலேயே அர்ச். பசிலியார் பிரசங்கித்திருக்கிறார். தவக்காலத்தில் அவற்றை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஆனால் கொடுப்பதிலும் ஒரு மரியாதை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் சாலையோரங்களில் பழந்துணி மலைபோல் குவிந்து கிடந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த துணி. கிழிந்ததும், கறைபட்டதும், அந்தக் கடற்கரை மக்கள் உடுத்தவே உடுத்தாததும் அதில் இருந்தன. வீட்டையும் உறவையும் இழந்து நின்றவர்கள் அதைத் தொடவில்லை. கடல் கொண்டுபோனது அவர்கள் உடைமையை; அவர்கள் மானத்தையன்று. கிழிந்த சேலை மிதியடிக்கு. துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து, நாமே உடுத்திக் கோயிலுக்கு வரத் தயங்காத சேலைதான் ஏழைக்கு. வின்சென்ட் தே பவுல் சபையார் வாசலுக்கு வரும்போது இதை நினைவில் வைக்கவேண்டும்.

சகோதரிகள் ஒரு சந்தேகத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உடைந்த சுரூபம், அறுந்த ஜெபமாலை, மாதா படம் போட்ட பழைய காலண்டர், இவற்றை என்ன செய்வது? மந்திரித்த பொருள்களைக் குப்பையில் போடுவதும், வேறு வேலைக்குப் பயன்படுத்துவதும் தகாது. எரியக்கூடியதை எரித்துச் சாம்பலை மண்ணில் புதைக்கலாம்; சுரூபத் துண்டுகளை ஆள் மிதிக்காத இடத்தில் புதைக்கலாம். காலண்டர் மந்திரித்ததில்லை என்றாலும் மாதாவின் முகத்தைக் குப்பைத்தொட்டியில் காண நம் மனம் ஒப்பாது. படத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டால், அடியிலுள்ள கெட்டி அட்டை பிள்ளைகளுக்குப் பரீட்சை அட்டையாக உதவும். ஜெபமாலையின் மணிகள் நன்றாயிருந்தால் புதிய நூலில் கோத்துக்கொள்ளலாம்; நம் பங்கில் கோக்கத் தெரிந்த மூன்று பாட்டிமார்கள் இருக்கிறார்கள், சும்மாவே கோத்துத் தருவார்கள்.

பால் உறையைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுவேனோ என்று பார்த்தேன். உறையின் முனையை வெட்டும்போது துண்டாக்கி எறியாதீர்கள். ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்கியெடுக்க முடியாது, சாக்கடையில்தான் சேரும். உறையைக் கழுவிக் காயவைத்துக் கோணிப்பையில் சேர்த்தால் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் விலைக்கு வாங்கிக்கொள்வார். நம் அரசு 2019 ஜனவரி முதல் ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்து, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. கடையில் காசு கொடுத்துத் துணிப்பை வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். வீட்டில் பழைய சாரம் இல்லையா? ஒரு சாரத்தில் இரண்டு பை தைக்கலாம், அதுவும் ஏற்கெனவே மூட்டியது. அடியையும் பிடியையும் தைத்தால் தீர்ந்தது.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் மிதியடியும் சாரப்பையும் தைத்துக் காட்டப்படும். நூல் சேலை இரண்டு, பழைய சாரம் ஒன்று, கோணி ஊசி ஒன்று ஆளுக்குக் கொண்டுவாருங்கள். சேலையைத் துவைத்துக் கொண்டுவர வேண்டும். பத்திர ஜாடி செய்ய விரும்புவோருக்கு எட்டு ஜாடிகள் சேர்த்து வைத்திருக்கிறேன். விதவைத் தாய்மார்களுக்கும், ஆற்றோரத் தெருவில் குடியிருப்போருக்கும் முதலில். கத்தரிக்கோலை மறந்துவிடாதீர்கள். மண்டபத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அது பீடத்துப் பூ வெட்டுவதற்கென்று சகோதரி பூட்டி வைத்திருப்பது.